அவுட்-ஹெரட்: மேடைக் கூச்சலில் பிறந்த ஒரு வினைச்சொல்

ஒன்றை மற்றொன்று மிஞ்சுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. எக்ஸீட், சர்பாஸ், எக்ஸெல், டிரான்ஸெண்ட், அவுட்டூ, அவுட்ஸ்ட்ரிப் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். இவற்றுள் என் மனத்தை நெடுங்காலமாகப் பிடித்து வைத்திருப்பது அதிகம் பேர் பயன்படுத்தாத, ஆனால் எல்லாப் பெரிய அகராதிகளிலும் இடம்பெற்றிருக்கும் 'அவுட்-ஹெரட்' என்ற சொல். ஹெரட் என்பது தமிழ் விவிலியத்தில் ஏரோது என்று நாம் படிக்கும் அதே அரசனின் பெயர்தான். ஓர் அரசனின் பெயருக்கு முன்னால் 'அவுட்' என்ற முன்னொட்டைச் சேர்த்து, அதை அப்படியே வினையாக்கி, பிறகு அந்த வினைக்குச் செயப்படுபொருளாக அதே அரசனையே நிறுத்தினால் 'ஏரோதையே விஞ்சுகிறது' என்ற பொருள் தரும் தொடர் கிடைக்கிறது.

இந்தச் சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருள், வன்மையிலோ மிகையிலோ கொடுமையிலோ ஒருவரை மிஞ்சுதல் என்பதாகும். புதிதாகப் பிறந்த இயேசுவைக் கொல்வதற்காகப் பெத்லகேம் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன அரசன் என்பதால் கொடுமைக்கு அவன் பெயர் எடுத்துக்காட்டாக நின்றுவிட்டது என்று வாசிப்பவர்கள் உடனே முடிவுகட்டிக்கொள்கிறார்கள். பத்திரிகைகளும் பெரும்பாலும் அந்தப் பொருளிலேயே அதை எழுதிவந்திருக்கின்றன. ஆனால் இந்த வினைச்சொல் பிறந்த இடத்தில் கொலையும் இல்லை, கொடுமையும் இல்லை. அங்கே பேசப்படுவது ஒரு நடிகனின் தொண்டை. இந்தச் சொல்லுக்குள் இருக்கும் ஏரோது யூதேயாவை ஆண்டவன் அல்லன். இங்கிலாந்தின் தெருக்களில் வண்டி மேடை மீது நின்று கத்தியவன். இதைச் சற்று விரிவாக எழுதவேண்டும் என்று பல நாளாக எண்ணியிருந்தேன்.

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தின் மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சியில் இந்தச் சொல் வருகிறது. நாடகம் 1600ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது. அரண்மனைக்கு வந்திருக்கும் நாடகக் குழுவினருக்கு இளவரசன் ஹாம்லெட் நடிப்பைப் பற்றி அறிவுரை சொல்கிறான். நான் சொல்லிக்காட்டியதுபோல வசனத்தை நாவில் இலகுவாக ஓடவிடுங்கள், பலரும் செய்வதுபோல வாயைப் பிளந்து கத்துவதாக இருந்தால் ஊருக்குச் செய்தி கூவுகிறவனையே என் வரிகளைச் சொல்ல அழைத்துவிடுவேன், கையால் காற்றை அறுக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, தலையில் பொய்முடி வைத்த ஒரு முரட்டு ஆள் ஓர் உணர்ச்சியைக் கந்தல் கந்தலாகக் கிழித்து, தரையில் நின்று பார்ப்பவர்களின் காதைப் பிளப்பதைக் கேட்கும்போது தன் உள்ளமே நொந்துபோகிறது என்கிறான். அதற்குப் பின்னர்தான் நம் வாக்கியம் வருகிறது. டெர்மகண்டையும் மிகைப்படுத்தி நடிக்கும் அப்படிப்பட்ட ஆளைச் சவுக்கால் அடிக்கவேண்டும்; அது ஏரோதையே விஞ்சுகிறது; தயவுசெய்து அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இங்கே எழுவாய் 'அவன்' இல்லை, 'அது' என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு மனிதன் ஏரோதை விஞ்சிவிட்டான் என்று ஹாம்லெட் சொல்லவில்லை. அந்த நடிப்பு முறை, அந்தக் கூச்சல் ஏரோதை விஞ்சுகிறது என்கிறான். சவுக்கடி என்ற சொல்லும் வெறும் கோபப் பேச்சன்று. 1572ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிறைவேறிய சட்டம், ஒரு பிரபுவின் ஆதரவு இல்லாமல் ஊர் ஊராகத் திரியும் நடிகர்களை நாடோடிகளின் கணக்கில் சேர்த்து, அவர்களுக்குச் சவுக்கடியைத் தண்டனையாக வைத்திருந்தது. மேடையில் அந்த வரியைக் கேட்ட நடிகர்களுக்கு அதன் எடை தெரிந்திருக்கும்.

டெர்மகண்ட் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இஸ்லாமியர்கள் வணங்கும் தெய்வம் என்று இடைக்கால ஐரோப்பியக் கிறித்தவர்கள் தாமாகவே கற்பனை செய்துகொண்ட ஒரு பெயர் அது. இஸ்லாத்தைப் பற்றி எதுவும் அறியாத காலத்தின் கண்டுபிடிப்பு. பழைய பிரெஞ்சு வீரகாவியமான ரோலண்டின் பாடலில் டெர்வகன் என்று வரும் அந்தப் பெயர் ஆங்கிலத்துக்கு வந்து, ஆர்ப்பரித்துக் கத்தும் பாத்திரமாகி, பிற்காலத்தில் சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் சாதாரணப் பெயர்ச்சொல்லாகத் தேய்ந்துபோனது. ஏரோதுக்கு இணையாக ஹாம்லெட் நிறுத்தும் பெயர் இப்படிப்பட்டது என்பதே, அவன் மனத்தில் இருப்பது வரலாற்று அரசன் அல்லன், சத்தம் போடும் மேடைப் பாத்திரம் என்பதற்கு முதல் சான்று.

வரலாற்று அரசன் வேறு வகையான ஆள். ரோமானியரின் ஆதரவோடு கி.மு. 37 முதல் யூதேயாவை ஆண்டு, பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி கி.மு. 4இல் இறந்த மகா ஏரோது, எருசலேம் ஆலயத்தைப் புதுப்பித்துப் பெரிதாக்கியவன். செசரியா துறைமுகத்தைக் கட்டியவன். மனைவி மரியம்னேயையும் தன் மகன்கள் மூவரையும் கொல்லச் செய்தவனும் அவன்தான். அவனுடைய மகனாகப் பிறப்பதைவிட அவன் வீட்டுப் பன்றியாகப் பிறப்பது மேல் என்று பேரரசர் அகஸ்டஸ் சொன்னதாக மக்ரோபியஸ் என்ற பிற்கால ரோமானிய எழுத்தாளர் பதிவு செய்திருக்கிறார். யூதர்கள் பன்றி இறைச்சி உண்பதில்லை என்பதால் பன்றிக்கு அங்கே உயிர்ப் பாதுகாப்பு உண்டு. ஏரோதைப் பற்றி மிக விரிவாக எழுதிய யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ், பெத்லகேம் குழந்தைகளின் கொலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த நிகழ்ச்சி மத்தேயு நற்செய்தியில் மட்டுமே இருக்கிறது.

மத்தேயுவின் இரண்டாம் அதிகாரம், பதினாறாம் வசனம். நம்மிடையே நெடுங்காலமாகப் புழங்கும் தமிழ் விவிலியத்தில் 'தான் சாஸ்திரிகளால் வஞ்சிக்கப்பட்டதைக் கண்டு, மிகுந்த கோபமடைந்து' என்று அது தொடங்குகிறது. சாஸ்திரிகள் என்பது குழந்தை இயேசுவைத் தேடி வந்த ஞானிகளை. அந்த 'மிகுந்த' என்ற ஒற்றைச் சொல்லைத்தான் நான் காட்ட விரும்புகிறேன். லத்தீன் விவிலியத்தில் அதே இடத்தில் 'வால்தே' என்று இருக்கிறது. 1611இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கே 'எக்ஸீடிங்' என்று, எக்ஸீட் என்ற வினையிலிருந்து வரும் சொல்லையே போட்டிருக்கிறது. அரசன் எப்படிக் கோபப்பட்டான், என்ன பேசினான், என்ன செய்தான் என்று மத்தேயு ஒன்றும் சொல்லவில்லை. மிகுந்த கோபம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். பின்வந்த நானூறு ஆண்டு நாடக மரபு முழுவதும் அந்த ஓர் அடைமொழியை நடித்துக்காட்டும் முயற்சியாகவே எனக்குப் படுகிறது.

அந்த முயற்சி தேவாலயத்துக்குள்ளேயே, லத்தீன் மொழியிலேயே தொடங்கிவிட்டது. பிரான்ஸின் ஃப்ளூரி மடத்தோடு தொடர்புடைய கையெழுத்துப் படி ஒன்றில் இருக்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டு இசை நாடகத்தில், மெசியாவின் பிறப்பைப் பற்றிய தீர்க்கதரிசனத்தைக் கண்ட ஏரோது, சினம் மூண்டு புத்தகத்தைத் தூக்கி எறிகிறான் என்று மேடைக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. வழிபாட்டின் பகுதியாக, துறவிகள் பாடி நடித்த நாடகத்தில் ஒரு நூலைத் தரையில் வீசுவது என்பது எவ்வளவு பெரிய செயலாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஏரோதின் உடல்மொழி அங்கேயே அடங்க மறுக்கிறது.

பிறகு நாடகம் தேவாலயத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, யார்க், செஸ்டர், கவென்ட்ரி முதலிய நகரங்களில், கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற திருவிருந்துத் திருநாளை ஒட்டி, உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரையான விவிலியக் கதைகளைத் கில்டுகள் என்ற தொழில்வாரியான சங்கங்கள் பகிர்ந்துகொண்டு நடித்தன. தையற்காரர்கள் ஒரு நாடகம், கொல்லர்கள் ஒன்று, நெசவாளர்கள் ஒன்று என்று ஒவ்வொரு தொழிலாருக்கும் ஒரு பங்கு இருந்தது. சக்கரம் வைத்த மேடை வண்டியை நகரின் குறிப்பிட்ட இடங்களில் நிறுத்தி நிறுத்தி நடித்தார்கள். நாடகத்துக்கும் அந்த வண்டிக்கும் பேஜண்ட் என்றே பெயர். நடித்தவர்கள் ஊர்க்காரர்கள், பார்த்தவர்களும் ஊர்க்காரர்கள். கூட்டத்தின் இரைச்சலை மீறிக் குரல் கேட்கவேண்டுமானால் உரக்கப் பேசியே ஆகவேண்டும்.

கவென்ட்ரி நகர நாடகங்களில் இரண்டு மட்டுமே எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று, கம்பளித் துணியைக் கத்தரித்துச் சீர்செய்வோரும் தையற்காரர்களும் சேர்ந்த கில்டு நடித்தது. இயேசுவின் பிறப்பிலிருந்து குழந்தைகளின் கொலை வரை அதில் வருகிறது. 1534ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் தேதி இதைத் திருத்தி எழுதியதாக ராபர்ட் க்ரூ என்பவர் குறிப்பிட்டிருக்கிறார். இந்த நாடகத்தின் ஏரோது மேடைக்கு வந்ததும், விண்ணையும் நரகத்தையும் படைத்தவன் நானே என்றும், இந்த உருண்டை உலகத்தைத் தாங்கி நிற்பது என் வலிமையே என்றும் முழங்குகிறான். இறைவனுக்கு உரிய சொற்களை ஒரு சிற்றரசன் தன் வாயில் எடுத்துக்கொள்கிறான். கூடியிருந்த மக்கள் அதே நாடக வரிசையில் உண்மையான படைப்புக் கடவுளையும் அறிந்தவர்கள் என்பதால் இந்தத் தற்பெருமை அவர்களுக்கு நகைப்பாகவும் அச்சமாகவும் ஒருசேர இருந்திருக்கும்.

ஞானிகள் தன்னிடம் திரும்பி வராமல் வேறு வழியே போய்விட்டார்கள் என்று செய்தி வந்ததும் அவன் பேசும் வரிகளை அந்தக் கால ஆங்கிலத்தில் உரக்கப் படித்துப் பார்த்தால் உடம்பு தானாகவே ஆடும். மிதிக்கிறேன், விழிக்கிறேன், எல்லாப் பக்கமும் பார்க்கிறேன், அவர்கள் என் கையில் அகப்பட்டால் கனலில் இட்டு எரிப்பேன், கிழிக்கிறேன், பிதற்றுகிறேன், இதோ வெறிபிடித்து ஓடுகிறேன் என்று குறுகிய குறுகிய வினைகளாகவே அது நடக்கிறது. 'ஸ்டாம்ப்', 'ஸ்டேர்' என்று ஒரே எழுத்தில் தொடங்கும் அடிகள் காலை உதைப்பதற்கென்றே அளந்து எழுதியவை போலத் தோன்றுகின்றன. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி மேடைக் குறிப்பு இருக்கிறது. 'இங்கே ஏரோது வண்டியிலும் சீறுகிறான், தெருவிலும் சீறுகிறான்.' ஆங்கில நாடக வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த வரி இதுதான். அரசன் மேடையின் விளிம்பைத் தாண்டிக் குதிக்கிறான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விலகி ஓடியிருப்பார்கள், குழந்தைகள் அலறியிருப்பார்கள். எல்லையை மீறுதல் என்பது அந்தப் பாத்திரத்தின் குணமாக மட்டும் இல்லை, அதன் நடையாகவே இருந்தது.

அந்தக் குறிப்பு இன்று நமக்குக் கிடைப்பதே பெரும்பேறு. கையெழுத்துப் படி 1879இல் பர்மிங்காம் நூலகத்தில் ஏற்பட்ட தீயில் அழிந்துவிட்டது. தாமஸ் ஷார்ப் என்ற கவென்ட்ரி ஆய்வாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1817இலும் 1825இலும், அதை அச்சிட்டிருந்ததால் வாசகம் தப்பியது. அதே நாடகத்தில்தான், கொல்லப்படப்போகும் குழந்தைகளைத் தாய்மார் தாலாட்டும் பாடலும் இருக்கிறது. கவென்ட்ரி கேரல் என்ற பெயரில் கிறிஸ்துமஸ் காலத்தில் இன்றும் உலகெங்கும் பாடப்படுகிறது. 'ஏரோது அரசன் தன் சீற்றத்தில்' என்று அந்தத் தாலாட்டுக்கு நடுவிலும் அவன் சீற்றத்தோடுதான் வருகிறான்.

ஷார்ப் வெளியிட்ட கில்டு கணக்குகளும் சுவையானவை. கவென்ட்ரிக் கொல்லர்களின் 1490ஆம் ஆண்டுக் கணக்கில் இறைவனாக நடித்தவருக்கு 2 ஷில்லிங், ஏரோதாக நடித்தவருக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ், பிலாத்துவுக்கு 4 ஷில்லிங் என்று எழுதியிருக்கிறது. ஏரோதின் வாளுக்கும் முகத்துக்கும் வண்ணம் பூசிய ஓவியருக்குக் கொடுத்த கூலியும் அந்தக் கில்டின் கணக்குகளில் காணப்படுகிறது. கொல்லர்கள் நடித்தது இயேசு பட்ட துன்பங்களைப் பற்றிய நாடகம் என்பதால், அங்கே வருபவன் குழந்தைகளைக் கொன்ற ஏரோது அல்லன், அவன் மகன் ஏரோது அந்திப்பா. ஆனால் பெயர் ஒன்றாக இருந்ததால் தந்தையின் கூச்சல் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. கொடுங்கோலர் வேடத்துக்கு இறைவன் வேடத்தைவிடக் கூலி கூடுதல் என்பதில் எனக்கு வியப்பில்லை. நாள் முழுதும் தொண்டை கிழியக் கத்த வேண்டியவன் அவன்தானே.

ஷேக்ஸ்பியர் பிறப்பதற்கு முன்பே ஏரோது என்ற பெயர் ஒரு நடிப்பு முறையைக் குறிக்கும் பெயராக மக்கள் பேச்சில் நிலைத்துவிட்டது. ஆங்கிலக் கவிஞர் சாசர் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கதை ஒன்றில், அப்சலன் என்ற மினுக்குப் பேர்வழி தன் திறமையைக் காட்ட உயரமான மேடையில் ஏரோது வேடம் கட்டுகிறான். மென்மையான அந்த ஆளுக்கு அந்த வேடம் துளியும் பொருந்தாது என்பதில்தான் நகைச்சுவை இருக்கிறது. ஏரோது என்றால் இடிக்குரல் என்று படிப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று சாசர் நம்பியிருக்கிறார். 1478இல் பாஸ்டன் என்ற நிலவுடைமைக் குடும்பத்தாருக்கு அவர்களுடைய பணியாளர் வெட்லி எழுதிய கடிதத்தில், சஃபோக் கோமகன் அவர்களின் நிலத்துக்கு வந்து ஆத்திரத்தோடு நடந்துகொண்டதை விவரித்துவிட்டு, கார்ப்பஸ் கிறிஸ்டி நாடகத்தில் ஏரோதாக நடித்த எவரும் இவ்வளவு பொருத்தமாக நடித்ததில்லை என்று முடிக்கிறார். நிலத் தகராறில் கத்திய ஒரு பிரபுவை வருணிக்க அந்த மனிதருக்கு மேடை ஏரோதின் நினைவு வந்திருக்கிறது. இந்தக் கடிதத்தில் கருத்து முழுவதும் இருக்கிறது, வினைச்சொல் மட்டும் இல்லை. அதற்கு இன்னும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகவேண்டியிருந்தது.

கவென்ட்ரியின் நாடகங்கள் கடைசியாக நடந்தது 1579இல். சீர்திருத்தக் கிறித்தவம் நிலைபெற்ற பிறகு பழைய சமய நாடகங்கள் ஒவ்வொரு நகரத்திலும் ஒடுக்கப்பட்டன. 1564இல் பிறந்த ஷேக்ஸ்பியருக்கு அப்போது வயது பதினைந்து. அவர் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து கவென்ட்ரி ஏறத்தாழ 20 மைல். அவர் சிறுவனாக அங்கே போய் அந்த ஏரோதைப் பார்த்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் பலர் எண்ணுகிறார்கள். ஆவணச் சான்று கிடையாது. ஆனால் ஹாம்லெட்டின் அந்த வரியைப் படிக்கும்போது எனக்கும் அப்படித்தான் நம்பத் தோன்றுகிறது.

ஷேக்ஸ்பியருக்குக் கொலைகார ஏரோதையும் நன்றாகத் தெரியும். 'ஹாம்லெட்'டுக்குச் சற்று முன், 1599ஐ ஒட்டி எழுதிய 'ஐந்தாம் ஹென்றி'யில், முற்றுகையிட்ட நகரத்தாரை மிரட்டும் அரசன், ஏரோதின் இரத்தவேட்டைக்காரர்களைக் கண்டு யூதப் பெண்கள் அலறியதுபோல உங்கள் தாய்மாரும் மேகம் பிளக்க அலறுவார்கள் என்கிறான். அங்கே பெயர் குழந்தைக் கொலைக்கு நிற்கிறது. ஓரிரு ஆண்டுக்குள் எழுதிய 'ஹாம்லெட்'டில் அதே பெயரை எடுத்து வினையாக்கும்போது, இரத்தத்தை முற்றிலும் விட்டுவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்கிறார். இரண்டு ஏரோதுகளையும் வைத்திருந்தவர், வினைச்சொல்லுக்குத் தெரிந்தே நடிகனைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

இனி முன்னொட்டுக்கு வருவோம். 'அவுட்' பழைய ஆங்கிலத்தின் 'ஊட்' என்ற சொல்லிலிருந்து வருவது. முதலில் அது வெளியே என்ற இடப்பொருளை மட்டுமே தந்தது. ஒருவன் மற்றொருவனைவிட வேகமாக ஓடினால் அவனைத் தாண்டி வெளியே போய்விடுகிறான். அப்படித்தான் ஓடி முந்துதல் என்ற பொருளில் 'அவுட்ரன்' வந்தது. பிறகு ஓட்டத்தை விட்டுவிட்டு, ஒருவரைவிட நெடுநாள் வாழ்வதை 'அவுட்லிவ்' என்றார்கள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் எந்த வினைக்கும் முன்னால் இதைச் சேர்த்து 'அந்தச் செயலில் மற்றவரை மிஞ்சு' என்ற பொருளை வரவழைத்துக்கொள்ளும் பழக்கம் பெருகிவிட்டது. ஷேக்ஸ்பியர் இதில் கைதேர்ந்தவர். லியர் மன்னனின் மகள் கார்டீலியா, விதியின் முகச்சுளிப்பைத் தன் முகச்சுளிப்பால் வெல்வேன் என்பதற்கு 'அவுட்-ஃப்ரவுன்' என்கிறாள். ஒத்தெல்லோ தன் சேவைகள் எதிரியின் குற்றச்சாட்டுகளைவிட உரக்கப் பேசும் என்பதற்கு 'அவுட்-டங்' என்கிறான். நாக்கு என்ற பெயர்ச்சொல்லே அங்கே வினையாகிவிட்டது. இன்னொரு நாடகத்தில் பரோல்ஸ் என்ற கோழையைப் பற்றி, கயமையையே கயமையில் விஞ்சிவிட்டான், அந்த அபூர்வத்தாலேயே மன்னிக்கத் தக்கவனாகிறான் என்று வருகிறது. வினையும் செயப்படுபொருளும் ஒரே வேரிலிருந்து வரும் இந்த அமைப்புத்தான் ஏரோதுத் தொடரிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அவர் இன்னும் ஓரடி துணிந்து, ஓர் ஆளின் இயற்பெயரையே வினையாக்கினார்.

ஹாம்லெட்டின் அறிவுரையை நிதானமாகப் படித்தால் இன்னொன்றும் தெரியவரும். அதற்குள் 'ஓவர்' என்ற முன்னொட்டு மீண்டும் மீண்டும் வருகிறது. டெர்மகண்டை மிகைப்படுத்துவது, இயற்கையின் அடக்கத்தை மீறுவது, அளவு கடந்து செய்த எதுவும் நடிப்பின் நோக்கத்திலிருந்து விலகியது என்பது ஆகிய மூன்று இடங்களிலும் 'ஓவர்' இருக்கிறது. 'அவுட்' ஒரே ஒரு முறைதான். 'ஓவர்' என்பதற்கு எதிராளி தேவையில்லை. ஒரு கோடு இருந்தால் போதும், அதைத் தாண்டுவதே குற்றம். 'அவுட்' என்பதற்கு ஓர் எதிராளி கட்டாயம் வேண்டும், அவனைத் தோற்கடித்தாக வேண்டும். நம் மொழியில் மீறுவதற்கும் விஞ்சுவதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இதுதான். ஏரோது ஏற்கெனவே கோட்டை மீறியவன். மேடையை விட்டே குதித்தவன். மீறியவனையும் விஞ்சுவது என்றால் அந்தக் கூச்சல் எத்தகையதாக இருக்கும்? இரண்டு முன்னொட்டுகளையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்து வைத்ததில்தான் அந்த வாக்கியத்தின் வலிமை இருக்கிறது.

மிஞ்சுதலைச் சொல்லும் மற்ற ஆங்கில வினைகளில் பல லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. எக்ஸீட் என்றால் வெளியேறிச் செல்லுதல். சர்பாஸ் என்றால் மேலாகக் கடத்தல். டிரான்ஸெண்ட் என்றால் ஏறிக் கடத்தல். அவுட்ஸ்ட்ரிப் என்பதில் உள்ள 'ஸ்ட்ரிப்' உடையைக் களைவது அன்று. விரைந்து செல்லுதல் என்ற பொருளுடைய, இப்போது தனியாக வழங்காத பழைய வினை. எல்லாவற்றிலும் விந்தையானது 'அவுட்ரேஜ்'. பார்த்தால் 'அவுட்' முன்னொட்டும் சீற்றம் என்று பொருள்படும் 'ரேஜ்' என்ற சொல்லும் சேர்ந்தது போலத் தெரியும், ஏரோதுக்கென்றே செய்ததுபோலவும் இருக்கும். உண்மையில் அது அப்படி ஆனதில்லை. அப்பால் என்ற பொருள் தரும் லத்தீன் 'அல்ட்ரா', பிரெஞ்சில் 'ஊட்ர்' ஆகி, அதனோடு 'ஆஜ்' என்ற விகுதி சேர்ந்து, எல்லை கடந்த செயல் என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலேயர்கள் அதைத் தங்கள் சொல்லாகவே பிரித்துப் படித்துவிட்டதால், அதன் பொருளும் சீற்றத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

மேடை ஏரோது மறைந்த பிறகு அவன் பெயரிலிருந்த வினைச்சொல் மட்டும் தனியே வாழ வேண்டியதாயிற்று. அதற்குப் பொருள் தந்த நாடகங்கள் நின்றுபோய் இருநூறு ஆண்டுகள் கழிந்ததும், அதைப் பயன்படுத்தியவர்களின் கையில் இருந்தவை ஹாம்லெட்டும் விவிலியமும் மட்டுமே. 1842இல் எட்கர் ஆலன் போ எழுதிய 'சிவப்புச் சாவின் முகமூடி விருந்து' என்ற கதையில் இந்த வினை வருகிறது. கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கோட்டைக்குள் அடைத்துக்கொண்ட இளவரசன் நடத்தும் விருந்தில், நோயால் இறந்த பிணத்தின் கோலத்தில் ஓர் உருவம் தோன்றுகிறது. அந்த உருவம் ஏரோதையே விஞ்சிவிட்டது, எதற்கும் வரம்பு வைக்காத இளவரசனின் ரசனைக்கும் அப்பால் போய்விட்டது என்று போ எழுதுகிறார். அங்கே சத்தமே கிடையாது. அந்த உருவம் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆனால் வேடம் இருக்கிறது, பார்க்கும் கூட்டம் இருக்கிறது, அளவு கடந்த கோலம் இருக்கிறது. மேடையின் நினைவைப் போ முழுவதும் இழக்கவில்லை என்பதற்காகவே எனக்கு அந்த இடம் பிடிக்கும். பிற்கால ஆங்கில எழுத்தில், ஓர் ஆட்சியாளனின் கொடுமையைச் சொல்ல இந்தத் தொடரை எடுப்பவர்களிடம் அந்த நினைவும் போய்விட்டது. பொருள் மாறுவது எந்தச் சொல்லுக்கும் உள்ளதுதான். இருந்தாலும் இங்கே நடந்ததை ஓர் இழப்பு என்றே கருதுகிறேன். கொடுமையைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு பல சொற்கள் உண்டு. அளவு மீறிய நடிப்பைச் சொல்ல இவ்வளவு உடலும் குரலும் உள்ள சொல் வேறு இல்லை.

சொல் மங்கினாலும் அதன் அச்சு இன்றும் உயிரோடு இருக்கிறது. யார் பெயரையும் அதில் போட்டு வார்க்கலாம். 2016ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் காலத்தில், டிரம்பை அவர் பாணியிலேயே வெல்லப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்ல 'அவுட்-டிரம்ப் டிரம்ப்' என்று பத்திரிகைகள் எழுதின. அவற்றைப் படித்தவர்களுக்கு ஏரோது நினைவுக்கு வந்திருக்க மாட்டான். ஆனாலும் பேசப்பட்டது மேடைப் பேச்சும் குரலும் பாணியும் என்பதால், ஷேக்ஸ்பியர் அந்த அச்சை எதற்காகச் செய்தாரோ அதற்கே அது மறுபடி பயன்பட்டிருக்கிறது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இயற்பெயரை நேரடியாக வினையாக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. நாம் ஏகாரத்தைக் கொண்டு அந்த வேலையைச் செய்கிறோம். கும்பகர்ணனையே தோற்கடிக்கும் தூக்கம், சகுனியையே மிஞ்சிய சூழ்ச்சி, கர்ணனையே விஞ்சிய கொடை என்று அன்றாடம் பேசுகிறோம். இந்தத் தொடர்களில் தூக்கம், சூழ்ச்சி, கொடை என்று எந்தக் குணத்தில் மிஞ்சியது என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத் தொடர் அதைச் சொல்வதில்லை. குணத்தைக் கேட்பவரே பெயரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தெருவை அறிந்தவர்கள் இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. ஹாம்லெட்டைத் தமிழாக்குகிறவர் 'ஏரோதையே விஞ்சுகிறது' என்று எழுதி நிறுத்தினால், நம் வாசகர் பெத்லகேமுக்குத்தான் போவார். ஆகவே நான் எழுதுவதாக இருந்தால், மூலத்தில் இல்லாத ஒரு சொல்லைத் துணிந்து சேர்த்துக்கொள்வேன்: 'கூத்து மேடை ஏரோதின் கூச்சலையே தோற்கடிக்கிறது, வேண்டாம், அதை விட்டுவிடுங்கள்.'